வலது பக்கக் கதவு

ஒரு காரைச் சின்ன மாடலாகச் செய்ய உட்காருகிறவர்கள் முதலிலேயே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். அந்தக் காரின் வாழ்நாளில் எந்த நாளைச் செய்யப் போகிறோம்? ஷோரூமிலிருந்து வெளியே வந்த நாளா, பத்து வருஷம் ஓடிக் களைத்த பிறகு ஏதோ ஒரு நாளா, கடைசியில் காற்று இறங்கி மரத்தடியில் நின்ற நாளா? பாகங்களை வாங்கி ஒட்டுகிற கடை கிட் என்றால் அட்டைப்பெட்டிப் படத்தைப் பார்த்து நாம்பாட்டுக்குச் செய்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. இறந்துபோன நண்பனின் வண்டி என்றால் அப்படிச் செய்ய முடியவில்லை. எனக்கு இந்தக் கேள்வி வருஷக்கணக்கில் தீரவில்லை, பாதி செய்த பாடியை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிட்டு வேறு எதை எதையோ செய்துகொண்டிருந்தேன்.

அவன் கும்பகோணத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டினான். வெள்ளை அம்பாசிடர், மார்க் 4, டீசல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நவக்கிரகக் கோயில் சவாரிதான் அவனுக்குச் சோறு போட்டது. விடியற்காலை திங்களூரில் தொடங்கி, ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று சுற்றி, இருட்டும் நேரத்துக்குத் திருநள்ளாற்றில் கொண்டுபோய் இறக்குவான். காரைக்கால் பக்கம் டீசல் விலை குறைவு என்பதால் திரும்பும்போது அங்கேதான் டேங்க்கை நிரப்புவான். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், முன் சீட்டில் இடம் இருந்தால் தொற்றிக்கொள்வேன். முன்னாலும் பெஞ்ச் சீட், ஸ்டீரிங் கியர், அதனால் இடம் இல்லாமல் போனதே கிடையாது. வந்தவர்கள் பின்னால் தூங்கிவிடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவோம். பிறகு வாடகைக்குப் புது வண்டி வாங்கினான், ஆனாலும் அம்பாசிடரைக் கொடுக்கவில்லை, ஓன் போர்டுக்கு மாற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டான். 2014 மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது என்று செய்தி வந்த அன்று எனக்கு போன் செய்து, "இனிமே நம்ம வண்டிக்கு கம்பெனின்னா அது பாய் பட்டறைதாண்டா" என்றான். பாய் யார் என்று பின்னால் சொல்கிறேன், இந்தக் கட்டுரையே அவரால்தான்.

ஒரு அதிகாலையில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். வண்டி கொஞ்ச நாள் வாசலில் நின்றது, அப்புறம் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர் அதைப் பிரித்துப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எதுவுமில்லை, ஓட்ட ஆளில்லாத அம்பாசிடரை வாசலில் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

சுத்தமாச் செய்ங்க

மாடல் செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி பளபளவென்று செய்யும். பெயிண்ட்டில் தூசி இருக்கக்கூடாது, கதவு இடுக்குகள் ஒரே சீராக இருக்க வேண்டும், குரோம் முகம் பார்க்கிற மாதிரி மின்ன வேண்டும். இன்னொரு கட்சிக்கு உயிர் வருவதே பெயிண்ட் காய்ந்த பிறகுதான். துரு, சேறு, எண்ணெய்க் கசிவு, வெயிலில் வெளுத்த கூரை எல்லாவற்றையும் தூளாலும் கரைசலாலும் ஏற்றுவார்கள். நான் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. இந்த அம்பாசிடர் விஷயத்தை எங்கள் வட்டத்தில் வயதில் மூத்த ஒருவரிடம் சொன்னபோது, அவர் யோசிக்கவே இல்லை. "நினைவுக்குன்னா சுத்தமாச் செய்ங்க தம்பி. போனவங்க படத்தைக் கசங்கின சட்டையோடவா மாட்டுவோம்?" என்றார்.

எனக்கு அதற்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட, என் நண்பனே அந்தக் கட்சிதான். நாலு மணிக்கு எழுந்து வண்டியைக் கழுவாமல் சவாரிக்குப் போனதில்லை. சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல் போட்டிருப்பான், அது ஒரு நாள் அழுக்காக இருந்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் கொள்ளிடக்கரை ரோட்டில் சேறு அடித்தால் அடுத்த கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, குளத்துத் தண்ணீர் மொண்டு மட்கார்டைக் கழுவிவிட்டுத்தான் டீ குடிப்பான். அப்படிப்பட்டவனின் வண்டியில் நான் என் திறமையைக் காட்ட சேறு பூசினால் அது அவனுக்குச் செய்கிற மரியாதையா? ஆனால் பளிச்சென்று செய்தால் அது ஏதோ ஒரு மார்க் 4, கேட்லாக்கில் இருக்கிற வண்டி. அந்த வண்டியை அவன் வாங்குவதற்கு முன்னால் யாரோ வைத்திருந்த நாள் அது. அந்த நாளில் அவன் இல்லை.

பாடி

என்னதான் கேள்வி தீராவிட்டாலும் கை சும்மா இருக்கவில்லை. நான் தேடியதில் எனக்கு வேண்டிய அளவில் மார்க் 4 கிட் அகப்படவில்லை, அதனால் முழுக்கக் கையாலேயே செய்வது என்று ஆனது. 1:24 அளவு. அம்பாசிடர் நிஜத்தில் சுமார் 4.32 மீட்டர் நீளம், அது 18 செ.மீ. ஆகிவிடும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,464 மி.மீ., அது 103 மி.மீ. ஆகும். எங்கள் ஊரிலேயே இன்னொருவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு மார்க் 4 இருந்தது. அவர் அனுமதியோடு டேப்பை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்தேன். படம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று எடுக்கக்கூடாது, முன்னால் இருப்பது உப்பித் தெரியும். தெருக்கோடிக்குப் போய் ஜூம் வைத்து எடுத்தால்தான் பக்கவாட்டு வடிவம் ஓரளவு வரைபடம் மாதிரி கிடைக்கும். அதை 24-இல் ஒரு பங்காகச் சுருக்கி அச்செடுத்து, ஸ்டைரின் என்கிற பிளாஸ்டிக் ஷீட்டில் குறுக்குவெட்டுத் தட்டிகளாக அறுத்து நிறுத்தி, நடுவில் இருக்கும் இடத்தைப் பட்டி வைத்து நிரப்பித் தேய்த்தேன். கார் பட்டறையில் நெளிசலுக்கு வைக்கிற அதே பட்டிதான்.

அம்பாசிடரைத் தேய்த்து எடுப்பது லேசில்லை. நேர்க்கோடு என்று ஒன்று கிடையாது. பானெட், மட்கார்டு, கூரை, டிக்கி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து இறங்கும். அதுவும் ஐம்பது வருஷத்துக்கு மேல் நம் ரோட்டில் ஓடிய உருவம், கண்ணை மூடினாலும் எல்லோருக்கும் தெரியும். கூரை அரை மில்லிமீட்டர் தட்டையானால்கூட, காரைப் பற்றி ஒன்றுமே தெரியாத என் அம்மா "ஏதோ குறையுதேடா" என்று சொல்லிவிடுவார். வடிவம் வந்த பிறகு சிலிக்கோன் ரப்பரில் அச்சு எடுத்து, ஊற்றினால் இறுகிவிடுகிற ரெசினில் வார்த்தேன். மார்க் 4-இன் கிரில் முந்தைய மாடல்களுடையதைவிடச் சிறியது, பெரிய சதுரக் கட்டங்கள். அதை மெல்லிய ஸ்டைரின் கீற்றுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிச் செய்ததில் கண் பூத்துப்போனது. கூரை மேல் கேரியர் பித்தளைக் கம்பியில், பற்றவைத்தது. நிஜத்தில் 20 மி.மீ. குழாய் என்றால் இங்கே 0.8 மி.மீ. கம்பி, அச்சாகப் பொருந்தியது.

அப்புறம் நிற்கிற தோரணை. ஏழெட்டுப் பேரும் மேலே மூட்டையும் ஏறுகிற வண்டிக்குப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஆள் இல்லாமல் நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கி, மூக்கு தாழ்ந்து நிற்கும். நிஜத்தில் அது ஒரு அங்குலம் இருக்கும், மாடலில் ஒரு மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லிமீட்டரை ஏற்றி மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் அது அவன் வண்டியாகத் தெரிந்தது. ஸ்டேஷன் வாசலில் காலியாக நின்று ஆளுக்குக் காத்திருக்கிற வண்டி.

எனக்குத் தெரிந்த பாதி

இப்படிப்பட்ட வேலையில் ஒரு பக்கத்தைத்தான் வரைவோம். இடது பக்கத் தட்டியைத் திருப்பி வைத்தால் வலது பக்கம். அம்பாசிடர் விஷயத்தில் அது பெரும்பாலும் சரியாகவும் வரும். பாடி தயாராகி, பெயிண்ட்டுக்கு முன்னால் அந்த வண்டிக்கே உரிய அடையாளங்களை ஒரு தாளில் குறிக்க உட்கார்ந்தேன். இடது பின் கதவின் கைப்பிடி மட்டும் வேறு வண்டியில் இருந்து போட்டது, குரோம் மங்கியிருக்கும். இடது மட்கார்டில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் சுவாமிமலையில் ஒரு சைக்கிள் இடித்த பள்ளம், அதற்கு அவன் அந்தப் பையனைத் திட்டாமல் தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பினான். இடது முன் கதவில் உள்பக்கம் ஜன்னல் ஏற்றும் கைப்பிடியின் குமிழ் இருக்காது, வெறும் கம்பிதான். எழுதிக்கொண்டே போனேன், பக்கம் நிறைந்தது. பிறகு வலது பக்கம் என்று தலைப்புப் போட்டேன். ஒன்றும் வரவில்லை.

என்னிடம் இருந்த படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். எல்லாம் இடது பக்கம். ஆயுத பூஜைக்கு மாலை போட்டு எடுத்தது, கல்யாணத்துக்குப் பூ அலங்காரத்தோடு எடுத்தது, எதிலும் வண்டி இடது பக்கமாகவே திரும்பி நிற்கிறது. ஓரமாக நிறுத்துவோம், ஓரத்தில் நின்று படம் எடுப்போம், அப்படித்தானே வரும். நானும் எப்போதும் இடது பக்கமாக வந்து, இடது கதவைத் திறந்து, இடது பக்கம் உட்கார்ந்து, இடது பக்கமாக இறங்கிப் போனவன். அந்த வண்டியில் இத்தனை வருஷம் போய் வந்திருக்கிறேன், அவன் ஏறி இறங்கிய பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. வலது கதவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உள்ளிருந்து தெரிந்ததுதான். ஜன்னலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவன் முழங்கை. இடது கையைவிட வலது கை ஒரு சுற்று கறுத்திருக்கும், டிரைவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான்.

தாளை மடித்து வைத்துவிட்டு இரண்டு நாள் அதன் பக்கம் போகவில்லை. இத்தனை வருஷம் அவனைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலில் அவனுக்கு என்ன கடன் இருந்தது, உடம்புக்கு முன்னாலேயே ஏதாவது இருந்ததா, இதெல்லாம்கூட அவன் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த வெறும் தாளைப் பார்க்கும்போது அது எல்லாம் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது.

பாய் சொன்னது

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நேராகப் பாய் பட்டறைக்குப் போனேன். அவர் டிங்கரிங், பெயிண்டிங் இரண்டும் பார்ப்பவர். அந்த வண்டி அவன் கைக்கு வந்ததிலிருந்து கடைசிவரை அதைத் தொட்டது அவர் ஒருவர்தான். பெயிண்ட்டுக்கு அடிப்பூச்சான சர்ஃபேசர் அடித்த சாம்பல் பாடியைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார் என்று சொல்வதைவிட, விரலால் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பெரிய வண்டியில் நெளிசல் தேடுகிற மாதிரியே, கண்ணை வேறு எங்கோ வைத்துக்கொண்டு, பெருவிரலைப் பானெட்டிலிருந்து டிக்கி வரை இழுத்தார். வலது பின் மட்கார்டில் நின்றது விரல்.

"இங்க ஒரு சின்ன மேடு இருக்கணும் தம்பி. லாரிக்காரன் உரசிட்டுப் போயிட்டான். தகரத்த முழுசா இழுக்க முடியல, பட்டி வெச்சுத்தான் எடுத்தேன். வெளிச்சம் சாஞ்சு விழுந்தா தெரியும். அவன்கிட்ட சொன்னேன், மறுபடி செஞ்சு தரேன்டான்னு. அது கெடக்கட்டும் பாய்னுட்டான்."

அப்புறம் டிரைவர் கதவுக்கு வந்தார். ஜன்னலின் கீழ் விளிம்பில், நடுவிலிருந்து சற்றுப் பின்னால், நகத்தால் தொட்டுக் காட்டினார். "இங்கதான் பெயிண்ட்டே நிக்காது. மொதல்ல வெள்ளை போவும், அடியில சாம்பல் தெரியும், நடுவுல ஒரு பொட்டு தகரம். நானும் வருஷா வருஷம் டச்சப் பண்ணுவேன். ஆறு மாசத்துல முழங்கை தின்னுரும்." துருப்பிடிக்காதா என்று கேட்டேன். "தெனம் கை படுற எடத்துல எங்கேர்ந்து துரு வரும்? கண்ணாடி மாதிரி இருக்கும்."

எனக்கு வேண்டிய பதில் அங்கே கிடைத்துவிட்டது. அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. அழுக்கு ரோட்டுடையது, அதை அவன் தினமும் கழுவித் தள்ளினான், அதைத் திரும்பக் கொண்டுவந்து பூச எனக்கு உரிமை இல்லை. தேய்மானம் அவனுடையது. காலை நாலு மணிக்குக் கழுவும்போது அந்த இடத்தையும் சேர்த்துத்தான் துடைத்திருப்பான், துடைத்துத் துடைத்து அது இன்னும் பளபளத்திருக்கும். நினைவுக்குச் சுத்தமாகச் செய்யச் சொன்ன பெரியவரும் பாதி சரி. வண்டி சுத்தமாக இருக்கும். ஆனால் அவன் உட்கார்ந்த வண்டியாக இருக்கும். தூளும் கரைசலும் இருந்த டப்பாவை அந்த வேலை முடியும்வரை நான் திறக்கவே இல்லை.

கிளம்பும்போது பாய் ஒரு மருந்து பாட்டிலில் வெள்ளை பெயிண்ட் ஊற்றிக் கொடுத்தார். அந்த வண்டிக்கு அவர் கலக்கும் கலவை: வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு. மாடல் செய்கிறவர்கள் இதற்கு ஆட்சேபம் சொல்வார்கள். சின்ன உருவத்தில் அதே நிறம் அடித்தால் நிஜத்தைவிட அழுத்தமாகத் தெரியும், கொஞ்சம் வெளுக்க வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். தெரிந்தே அதை விட்டேன். வெறும் ஸ்டைரின் பாடி என்றால் கார் பெயிண்ட்டின் தின்னர் அதை அரித்துவிடும், ரெசின் என்பதால் தாங்கும். தின்னரை நிறையக் கலந்து, ஏர்பிரஷில் பனி மாதிரி அடித்தேன். 0.1 மி.மீ. கனம் ஏறினாலே நிஜக் காரில் அது 2.4 மி.மீ. கனத்துக்குச் சமம், கதவு இடுக்கெல்லாம் மூடிப்போகும்.

முழங்கை இடத்துக்கு முன்னேற்பாடு பெயிண்ட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. நிஜத்தில் முழங்கை தேய்க்கிற அகலம் பத்து செ.மீ. இருக்கும், இங்கே நாலு மி.மீ. அந்த நாலு மில்லிமீட்டரில் ஒரு துளி அலுமினியத் தாளை ஒட்டி, மேலே சாம்பல் சர்ஃபேசர், அதன் மேல் வெள்ளை. வேறு எந்த இடத்திலும் பிரஷ்ஷால் வரைந்து தேய்ந்த மாதிரி காட்டிவிடலாம், இங்கே வரைய மனம் வரவில்லை. 2000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பல்குச்சி நுனியில் சுற்றி, தண்ணீர் தொட்டு, ஒரே திசையில் இழுத்தேன். வெள்ளை மெலிந்தது, விளிம்பில் சாம்பல் நிழல் மாதிரி வந்தது, அப்புறம் ஒரு கடுகளவு தகரம். அதோடு நிறுத்திவிட்டேன்.

வீட்டில்

நம்பர் பிளேட்டில் கொஞ்சம் தயங்கினேன். கடைசியில் அது வெள்ளை போர்டு. நான் போட்டது மஞ்சளில் கறுப்பு எழுத்து, வண்டி அவனுக்குச் சம்பாதித்துக் கொடுத்த காலத்து பிளேட். முடித்த வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவன் மனைவி அதைத்தான் முதலில் கவனித்தது. "டாக்ஸி போர்டா, நல்லதுண்ணே. அவருக்கு அதுதான் பெருமை" என்றது. பிறகு கேரியரைக் காட்டி, "இதுல கயிறு இல்லாம நான் பாத்ததே இல்லையே" என்றது. சரிதான். சவாரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பச்சை நைலான் கயிற்றைச் சுருட்டிக் கேரியர் மூலையில் கட்டி வைத்திருப்பான். பெட்டிக்குள்ளிருந்து பச்சை நூல் எடுத்து, அவன் மனைவி மூன்றாகப் பிரித்துக் கொடுத்த இழையை நான் இடுக்கியால் சுற்றிக் கட்டினேன். எந்த மூலை என்று கேட்டேன். வலது பின் மூலை என்று சட்டென்று வந்தது பதில்.

அவன் பெண் கல்லூரியில் படிக்கிறாள். அவள் எதுவும் பேசாமல் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முழங்கை இடத்தை நான் சொல்லவில்லை. அவளாகவே கண்டுபிடித்து, "இது அப்பா கை வைக்கிற எடம். நான் பின்னால உக்காந்து ஜன்னல் வழியா அந்த முழங்கையைக் கிள்ளுவேன்" என்றாள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வலது பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவள் அவள். என்னிடம் இல்லாத பாதி முழுக்க அவளிடம் இருந்தது. அன்று ராத்திரி வரை அவள் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். வலது பக்கக் கண்ணாடியின் தண்டு ஒரு முறை உடைந்து காப்பர் கம்பி சுற்றியிருந்தது, டிரைவர் கதவின் உள்பக்கம் அவள் சின்ன வயதில் ஒட்டிய பூ ஸ்டிக்கர், இப்படி. கண்ணாடித் தண்டை அடுத்த நாளே மாற்றினேன். ஸ்டிக்கரை அவளே வரைந்து கொடுத்தாள், கதவின் உள்ளே ஒட்டியாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணாடி போட்ட பீரோவில் வைத்திருக்கிறார்கள், தூசி பட்டால் அவனுக்குப் பிடிக்காது என்று.

பாய்க்குப் படம் அனுப்பினேன். பார்த்துவிட்டு போன் செய்தார். எல்லாம் அப்படியே இருக்கிறது என்றார், மட்கார்டு மேடும் சரியாக வந்திருக்கிறது என்றார், அப்புறம் கொஞ்சம் இழுத்து, "தம்பி, எனக்கும் ஒண்ணு பண்ணித் தாங்க. ஆனா நான் டச்சப் பண்ணி வெளிய விட்ட அன்னிக்கு இருக்குமே, அந்த மாதிரி. அந்தக் கதவை நான் எத்தனை தடவ செஞ்சிருக்கேன்" என்றார். அதுவும் அந்த வண்டியின் நாள்தான், அவருடைய நாள். அச்சு பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது பாடி வார்த்து, சர்ஃபேசர் அடித்து, 1000 நம்பர் வரைக்கும் தேய்த்தாகிவிட்டது. வலது கதவில் அலுமினியத் தாள் ஒட்டவில்லை. பாட்டிலில் வெள்ளை இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆயுத பூஜைக்குள் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.